எட்டு புள்ளி நாலும் ஒரு முளைப்பாரியும்

ஒன்றுமே தெரியாத விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் பாவம், அவர்களை மன்னித்துவிடலாம். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்தான ஆள். எனக்குத் தண்ணீரைப் பற்றி அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன் (அது என்னுடைய கல்யாணம் என்பதுதான் இதில் விசேஷம்).

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மலேசியாவில், ஈப்போவில் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கி வாட்டர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்தேன். என் ஆயுதம் ஒரு பேனா. எழுதுகிற பேனா இல்லை, பிஎச் பேனா. தண்ணீரில் முக்கினால் மேலே ஓர் எண் தெரியும். ஏழு என்றால் நடுநிலை, கீழே இறங்கினால் புளிப்புப் பக்கம், மேலே ஏறினால் சுண்ணாம்புப் பக்கம். அவ்வளவுதான் சங்கதி. அதை நான் டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, "எட்டு புள்ளி நாலு" என்பேன். வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். பெர்ச்சாமில் எட்டு புள்ளி நாலு, மெங்லெம்புவில் எட்டு புள்ளி நாலு, தஞ்சோங் ரம்புத்தானிலும் எட்டு புள்ளி நாலு. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள், அதனால் எல்லோருக்கும் ஒரே தண்ணீர் என்று நானே ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தப் பேனா மாதக்கணக்காகக் காரின் முன்கண்ணாடிக்கடியில், மூடிகூடச் சரியாகப் போடாமல், வெயிலில் வெந்துகொண்டிருந்ததை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

கஸ்தூரியைப் பார்த்ததும் அந்தப் பேனாவால்தான். அவள் ஒரு கிளினிக்கில் கிராணி, அதாவது கிளார்க். அங்கே ஃபில்டர் விற்க இரண்டாம் முறை போனபோது, பேனாவை எட்டிப் பார்த்துவிட்டு, "போன மாசமும் இதே நம்பர்தானே சொன்னீங்க?" என்று கேட்டாள். புத்தியுள்ளவனாக இருந்தால் அன்றே பேனாவைத் தூக்கிப் போட்டிருப்பான். நான் சொன்ன எண்ணை ஒரு பெண் ஒரு மாதம் ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கிளினிக் தண்ணீரை வாரம் ஒரு முறை சோதித்தேன்.

ஆறு மாதம் கழித்து, வீட்டில் பேசலாமா என்று கேட்டேன். அம்மாவிடம்தான் சிக்கல் என்றாள். அவள் அம்மா பாக்கியம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால் வெட்டியவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிய பிறகு ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி அவர் ஒரே ஒரு வரிதான் சொல்லியிருந்தாராம். "ஃபில்டர் விக்கிற பையனா? வாயிலயே வீடு கட்டுவான்லா." மறுத்துப் பேச முடியாத அளவுக்கு அது உண்மையாக இருந்ததால் எனக்கு ரோஷம் இன்னும் அதிகமாக வந்தது.

ரோஷத்தைக் காட்ட ஆடி மாதம் வந்தது. தோட்டம் போனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் போகவில்லை. வருஷாவருஷம் திருவிழாவுக்கு முளைப்பாரி உண்டு. காப்புக் கட்டிய பெண்கள் பானையில் மண்ணும் காய்ந்த சாணித்தூளும் போட்டு, பயறு விதைத்து, கோயிலை ஒட்டிய இருட்டறையில் ஒன்பது நாள் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். ஆம்பளைகள் அந்த அறைப் பக்கமே போகக்கூடாது. ஒன்பதாம் நாள் முளைத்து நிற்கிற பானைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். முன்னால் போகிற முதல் பானை பாக்கியம் ஆன்டியுடையது. (அன்றைக்கு அவர் எனக்கு ஆன்டிதான். அத்தை என்று கூப்பிடத்தான் இத்தனை பாடு.) போன வருஷம் அவர் பானை கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது என்றும், அதற்குப் பெண்கள் ஆளுக்கொன்றாகப் பேசியது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்றும் கஸ்தூரி சொன்னாள். அவள் சும்மா சொன்னாள். நான் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை, காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால், அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். கோயில் கிணற்றுத் தண்ணீரை ஒரு தம்ளரில் வாங்கிப் பேனாவை முக்கினேன். எட்டு புள்ளி நாலு. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, போன வருஷம் பானை குட்டையாகப் போனதற்கு இதுதான் காரணம் என்று ஆரம்பித்து, வேர், சுண்ணாம்பு, மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் என்று இருபது நிமிஷம் பேசினேன். கஸ்தூரியின் அப்பா மூலையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அது விசேஷ நாள். ஆன்டி மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டார். கேட்டு முடித்து ஒரு முடிவு சொன்னார்.

"மத்தவங்க பானைக்கெல்லாம் கிணத்துத் தண்ணி. என் பானைக்கு மட்டும் நீ சொல்ற தண்ணி ஊத்தறேன். ஒன்பது நாளைக்கும் நீயே ரெடி பண்ணிக் குடு, தம்பி. வாயா, வேலையான்னு பாத்துருவோம்."

ஊருக்கு முன்னால் போகிற முதல் பானையை என் கையில் கொடுக்கிறார். "நீங்க கவலையே படாதீங்க ஆன்டி" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் படிக்க உட்கார்ந்தேன். இயற்கை மண்ணில் செடி வளர்க்கும்போது தண்ணீரின் பிஎச் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடினால், அதைப் பற்றி உலகத்திலேயே மனசாரக் கவலைப்படுகிறவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான் என்று தெரிந்தது. கஞ்சா வளர்க்கிறவர்கள். சட்டம் அனுமதிக்கிற ஏதோ ஒரு நாட்டில், இடுப்புவரை தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பற்றி அவ்வளவு பாசமாகப் பேசினார். நாற்பது நிமிஷ வீடியோ. ஆறரைதான் சரியான எண், எட்டுக்கு மேலே போனால் வேர் சத்தை இழுக்காது, சுண்ணாம்புத் தண்ணீர் பிடிவாதக்காரத் தண்ணீர், லேசில் இறங்காது என்றார். முதல் எட்டு நிமிஷத்திலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் அங்கேயே நிறுத்திவிட்டேன். நம் நாட்டில் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்று தும்மினாலே வக்கீலைப் பார்க்க வேண்டும். நான் அவரிடம் முளைப்பாரிக்குப் பாடம் படித்தேன்.

அடுத்த வாரம் என் ஞானத்தைக் காட்டுவதற்காக அந்த வீடியோவையே ஆன்டியிடம் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலையைக் கூர்ந்து பார்த்தார்.

"இது என்னா, புளிச்சக்கீரையா?"

"அந்த ஜாதிதான் ஆன்டி" என்றேன்.

பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அங்கிள் ஒரு தடவை என் போனைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நேரம் இருமினார்.

சனிக்கிழமை, விதை போடுகிற நாள். கிணற்றுத் தண்ணீரை ஒரு நீல டிரம்மில் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வைத்தாயிற்று. புளிப்பாக்க என்ன போடுவது? எலுமிச்சை போடலாம், ஆனால் எத்தனை பிழிவது? அங்கிளிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கு ஊர் ஓரத்தில் சொந்தமாக நாற்பது ஐம்பது ரப்பர் மரம் உண்டு. ஸ்டோருக்குள் போய், ரப்பர்ப் பால் உறைய ஊற்றுகிற அசிட்டில் ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரெண்டு சொட்டு" என்றார். அன்றைய பத்து வார்த்தையில் இரண்டு எனக்குச் செலவானது.

இரண்டு சொட்டு விட்டேன். கலக்கினேன். பேனாவை முக்கினேன். எட்டு புள்ளி நாலு. இன்னும் இரண்டு சொட்டு. எட்டு புள்ளி நாலு. ஒரு மூடி ஊற்றினேன். எட்டு புள்ளி நாலு. அடடா, தாடிக்காரர் சொன்ன அந்தப் பிடிவாதக்காரத் தண்ணீர் இதுதான் என்று எனக்குப் புல்லரித்தது. கால் போத்தல். அரைப் போத்தல். நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, பேனா மட்டும் அசையவில்லை. கடைசிச் சொட்டையும் கவிழ்த்துவிட்டுப் பேனாவின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு கணம் எட்டு புள்ளி மூன்று என்று காட்டியது. ஜெயித்துவிட்டேன்.

ஆனால் வாடை? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அந்த வாடையோடு விளையாட மாட்டார்கள். நான் டவுன் பையன், ஃபிளாட்டில் வளர்ந்தவன். வாடையை மறைக்க, வேலியோரம் இருந்த, எலுமிச்சை வாசம் அடிக்கிற செராய்ப் புல்லில் ஒரு கட்டு ஒடித்து, நசுக்கி, பலகாரத்துக்குப் போடுகிற பாண்டான் இலையும் நாலு சேர்த்து டிரம்மில் போட்டு மூடினேன். ஆன்டி சொம்பில் மொண்டு முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது செடிக்கு ஊத்தவா, குவே பலகாரம் அவிக்கவா?"

"எல்லாம் இயற்கை ஆன்டி" என்றேன். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு போனார். தலையில் மல்லிகைப்பூ, கையில் மஞ்சள் காப்பு, சொம்பில் என் தண்ணீர்.

மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. ஊர்வலத்தில் முழ உயரத்துக்கு முளைத்த பானை முன்னால் போவது மாதிரியும், பெண்கள் என்னைக் கைகாட்டிப் பேசுவது மாதிரியும் மனசுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. பெண் கேட்கப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு சட்டைகூட வாங்கிவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் கஸ்தூரி போன் செய்தாள். குரலே சரியில்லை. நேற்று அவள் அம்மாவுக்குத் துணையாக அறைக்குள் போயிருக்கிறாள். மற்ற இருபது பானையிலும் பயறு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது.

"அம்மா பானை மட்டும் மொட்டையா இருக்கு முரளி. ஒண்ணே ஒண்ணுகூட வரல. அம்மா ஒண்ணும் பேசல. திட்டினாகூடப் பரவால்ல, பேசவே மாட்டேங்குது."

முளைப்பாரி முளைக்காவிட்டால் பானை வைத்தவருக்கு ஆகாது என்று ஊரில் பேசுவார்கள். போன வருஷம் குட்டையாக வந்ததற்கே அத்தனை பேச்சு. மொட்டைப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் ஊருக்கு முன்னால் நடக்க வேண்டும், அதுவும் என்னால். என் கல்யாணம் போனால் போகிறது என்று முதல்முறையாக நினைத்தேன். (பொய். கல்யாணம் போகிறதே என்றும் நினைத்தேன்.)

வியாழக்கிழமை விடிந்ததும் வேலைக்குப் போகாமல் ஈப்போ மார்க்கெட்டுக்கு ஓடினேன். பயறு முளைக்க வைப்பதில் நம் ஊரில் யாரைக் கேட்பது? தவுகே, அதாவது முளைப்பயறு, விற்கிறவர்களைத்தான். முப்பது வருஷமாகத் தவுகே முளைக்க வைத்து விற்கிற ஒரு சீனத்து ஆன்டி அங்கே உண்டு. எனக்குத் தெரிந்த மலாயில் அவரிடம் நிலைமையைச் சொன்னேன். இந்த ஊர்த் தண்ணீர் எட்டு புள்ளி நாலு, அதைத் திருத்தப் பார்த்தேன், பயறு வரவில்லை. அவர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தார். இந்த மலைத்தண்ணீரால்தான் ஈப்போ தவுகே இவ்வளவு குண்டாக இருக்கிறது, கோலாலம்பூர்க்காரன் இதற்காகவே கார் எடுத்துக்கொண்டு வருகிறான், அதைப் போய் நீ திருத்தினாயா என்று கேட்டார்.

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஓர் எலுமிச்சைத் தண்ணீர் வாங்கி உட்கார்ந்தேன். சர்க்கரை போடாத, பல் கூசுகிற புளிப்பு. குடிக்கக் குடிக்க ஏதோ ஒரு சந்தேகம் வந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தத் தம்ளரில் முக்கினேன்.

எட்டு புள்ளி நாலு.

பக்கத்து மேசைக்காரரின் வெள்ளைக் காப்பியிலும் முக்கினேன் (அவர் கத்தினார், சரிதான்). எட்டு புள்ளி நாலு. அந்தப் பேனா செத்து எத்தனை மாதம் ஆயிற்றோ. பெர்ச்சாம், மெங்லெம்பு, தஞ்சோங் ரம்புத்தான், கிளினிக், எல்லாவற்றிலும் நான் ஒரு பிணத்தைத்தான் முக்கி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த நிமிஷத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புறப்படும்போது இரண்டு கிலோ தவுகே வாங்கினேன். என் திட்டம் இது. சாயங்காலம் ஆன்டியைப் பார்த்து, "இது புது முறை ஆன்டி, வெளியில முளைக்க வச்சுத்தான் மண்ணுல நடணும்" என்று சொல்லி, அந்தத் தவுகேயை மொட்டைப் பானையில் வரிசையாகச் செருகச் சொல்வது. சிரிக்காதீர்கள். சுங்கை சிப்புட் போகும் வழியெல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஆன்டி வாசலிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் காப்பு. நான் பையை நீட்டினேன். அவர் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். இருபது நிமிஷம் மூச்சு விடாமல் பேசுகிற என் வாயிலிருந்து புது முறையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போல. அதைப் பார்த்ததும் எல்லாம் உளறிவிட்டேன். பேனா செத்தது, முழுப் போத்தல் அசிட், செராய்ப் புல், தவுகேயைச் செருகச் சொல்ல வந்தது, ஒன்று விடவில்லை. தாடிக்காரர் வளர்த்தது புளிச்சக்கீரை இல்லை என்பதையும் சொன்னேன்.

"நானும் பொய், பேனாவும் பொய் ஆன்டி" என்றேன்.

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"இருவது வருசம் பால் வெட்டியிருக்கேன். அசிட் நாத்தம் எனக்குத் தெரியாதா? செராய் வாசம் ரெண்டே நாள்ல போயிருச்சு. செவ்வாக்கெழமையே அந்த மண்ணக் கொட்டிட்டு, புது மண்ணு, புது பயறு, கிணத்துத் தண்ணி, எல்லாம் போட்டாச்சு. நீ வந்து சொல்றியா இல்லியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கஸ்தூரிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஏன் சொல்லணும்? அவ ஒனக்குச் சொல்லிருவா."

உள்ளேயிருந்து அங்கிளின் குரல் வந்தது. "ரெண்டு சொட்டுன்னேன்லா." அவ்வளவுதான், பந்து ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். ஆன்டி தவுகேப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று ராத்திரி அந்த வீட்டில் தவுகேயும் தவுஃபூ என்கிற சோயாக் கட்டியும் பிரட்டிச் சாப்பிட்டோம். குண்டுத் தவுகே, நல்ல ருசி.

வீட்டுக்குப் போய், தாடிக்காரர் வீடியோவில் மிச்சமிருந்த முப்பத்திரண்டு நிமிஷத்தையும் பார்த்தேன். பத்தாவது நிமிஷத்தில் அவர் சொல்கிறார். இதுவரை சொன்னதெல்லாம் உயிரில்லாத கலவையில் வளர்க்கிறவர்களுக்கு. சாணியும் மக்கும் போட்ட உயிருள்ள மண்ணாக இருந்தால் தண்ணீரைப் போட்டு நோண்டாதீர்கள், மண்ணே சரிசெய்துகொள்ளும். குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்து மருந்து வாடையைப் போக்குங்கள், போதும். பிஎச் பேனாவை மட்டும் வெயிலில் போட்டுவிடாதீர்கள். இதையும் அவர் அதே பாசத்தோடுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். வெறுங்காலோடு வருகிற பெண்களுக்குத் தார் ரோடு சுடாமலிருக்க முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ரோட்டைக் கெடுக்க முடியாது என்று நினைத்திருப்பார்கள். இருபத்தோரு பானை வந்தது. இருபதில் பயறு முழங்கை உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக நின்று ஆடியது. முதல் பானையில், செவ்வாய்க்கிழமை போட்ட பயறு, நாலு விரற்கடைக்குத்தான் வந்திருந்தது. கடைசியில் போய் நின்றுகொள்ளலாம் என்று யாரோ சொன்னார்களாம். ஆன்டி கேட்கவில்லை. எப்போதும் போல முன்னால்தான் வந்தார், நிமிர்ந்து.

நாற்சந்தியில் மேளம் நின்றபோது, ஓரத்தில் நின்ற ஓர் அம்மா, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். "என்னா பாக்கியம், இந்த வருசமும் ஒன் பாரி இத்தினியூண்டு?"

நான் வாளியோடு குனிந்துகொண்டேன். தரை பிளக்காதா என்றிருந்தது. ஆன்டி தலையிலிருந்த பானையைக் கொஞ்சமும் அசைக்காமல், அதைவிடச் சத்தமாகப் பதில் சொன்னார்.

"எங்க மாப்பிள்ளை தண்ணி ஊத்துனாரு. அதான்."

மேளக்காரர்கூட ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாளி என் கையிலிருந்து நழுவி, தண்ணீர் முழுவதும் என் காலிலேயே கொட்டியது. கூட்டத்தில் கஸ்தூரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் பெண் கேட்கவே இல்லை, அதற்குள் நடுரோட்டில், நூறு பேர் முன்னால், நான் மாப்பிள்ளை. பெண் கேட்க வாங்கிய அந்தச் சட்டையைப் பிறகு கல்யாணத்துக்கு அடுத்த நாள்தான் போட்டுக்கொண்டேன்.

ஃபில்டர் வேலையை விட்டு நாளாகிவிட்டது. வீட்டில் மட்டும் அந்த எண் போகவில்லை. ரசத்தில் புளி கூடினால் எட்டு புள்ளி நாலு. மகளுக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் வைத்தால், அங்கிள், அதாவது மாமா, பந்து ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எட்டு புள்ளி நாலா?" என்பார். அந்தச் செத்த பேனாவை அத்தை தன் அடுப்படியில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார், மாப்பிள்ளை ஞாபகமாம்.

இந்த ஆடியிலும் போன வாரம் அத்தையின் குரல் செய்தி வந்தது. மண் எடுத்தாயிற்று, பயறு வாங்கியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், டிரம் பக்கம் மட்டும் வரக்கூடாது. போனோம். வழக்கம்போல நான் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன். அத்தையின் பானை இந்த வருஷமும் எல்லாப் பானையையும்விட உயரம். அதே நாற்சந்தியில், அதே அம்மா, "என்னா பாக்கியம், ஒன் பாரி மட்டும் இம்புட்டு ஒசரம்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் வருஷாவருஷம் கேட்பார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை தண்ணி ஊத்தல. அதான்."